பறவைகளை எண்ணுதல்

சைவாசிரியர்காள்! உயிர்கள் எண்ணிறந்தன என்பது சித்தாந்தம். அங்ஙனமாயின், தோட்டத்துப் பறவைகளை எண்ணுதலாற் பயன் யாதெனின், கூறுதும்.

1979 ஆம் ஆண்டு இங்கிலாந்திலே சிறுவர்க்கெனத் தொடங்கிய பறவைக் கணக்கெடுப்பில் ஒரு விதி உண்டு. ஒரு மணி நேரம் நோக்கி, ஒவ்வோரினத்திலும் ஒருங்கே கண்ட மிகுந்த தொகையையே எழுதல் வேண்டும். கண்டதற்கு மேல் எழுதாமை வாய்மை. காகத்தையும் புலுனியையும் எளியவென்று விடாமை சமநோக்கு. பிற பறவைகளால் நலிவுற்ற கரிக்குருவிக்குச் சோமசுந்தரக் கடவுள் உபதேசித்தருளினமையைத் திருவிளையாடற் புராணம் கூறுமன்றோ!

கல்முனையிலே நம் வேலியில் எண்ணிய மைனா, மறுகணம் அயல் முஸ்லிம் வீட்டுத் தென்னையிலிருக்கும். அஃது இருவர்க்கும் உரியதன்று, பசுபதிக்கே உரியது.

எண்ணிப் பழகிய மாணாக்கன் கவணெடுக்கக் கூசுவான். நாளைக் கணக்கில் ஒன்று குறையுமென அவனறிவான். ஆதலால், சீவகாருணியத்தை வாயாற் போதிக்குமுன், மாணாக்கரைத் தோட்டத்திற்கு அழைத்துச் சென்று எண்ணுவிமின்.