முகக்குறிப்பும் முறையீடும்

பங்குனி மாதத்தில் மாலைக் கதிரவனின் ஒளி கருவறைக்குள் புகுந்து வேதநாராயணப் பெருமாளின் திருமேனியைத் தொடும் சூரிய பூசை நாட்கள், எங்கள் நாகலாபுரத்திற்குத் திருவிழா நாட்கள். அத்தகைய ஒரு வாரத்தில், வெயில் கொளுத்திய ஒரு நண்பகலில், எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் என் பணிச்சாளரத்தின் முன் வந்து நின்றார். அவர் பெறவேண்டிய தொகை சிறிது. அதைப் பெறுவதற்கு அவருடைய விரல்ரேகை கருவியில் பொருந்த வேண்டும். வேர்க்கடலை உரித்தும் களை பறித்தும் தேய்ந்துபோன விரல் அது. முதல் முறை பொருந்தவில்லை. இரண்டாம் முறையும் பொருந்தவில்லை. மூன்றாம் முறை விரலை வைத்தபோது அவர் கை நடுங்கியது.

"என் கையே எனக்குச் சாட்சி சொல்ல மாட்டேங்குதே, நைனா" என்றார்.

பின்னால் வரிசை நீண்டிருந்தது. எனக்கும் வியர்த்தது. எங்களுக்கிடையே இருந்த திரை மட்டும் எவ்வித மாற்றமும் இன்றி, 'மீண்டும் முயல்க' என்ற ஒரே சொற்றொடரைக் காட்டிக்கொண்டிருந்தது. விரலின் கோடுகளைத் தேடத் தெரிந்த அக்கருவிக்கு, விரலின் நடுக்கம் தெரியவில்லை. தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்று அன்று எண்ணினேன். அந்த எண்ணமே இக்கட்டுரைக்கு வித்து.

அந்த நடுக்கத்தை அறியும் கருவிகள் உலகில் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தைச் சேர்ந்த ரோசலிண்ட் பிக்கார்டு என்னும் அம்மையார் 1997ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், மனிதரின் உணர்வை அறிந்து அதற்கேற்ப நடந்துகொள்ளும் கணிப்பொறி என்னும் கருத்தைத் தனித்துறையாகவே நிலைநாட்டிற்று. அதன் அடிப்படை கடினமானதன்று. உள்ளம் பதறும்போது நம்மைக் கேளாமலே சில நரம்புகள் விழித்துக்கொள்கின்றன. உள்ளங்கை சற்றே வியர்க்கிறது. வியர்த்த தோலில் மின்சாரம் எளிதாகப் பாய்கிறது. இதனைப் பிரெஞ்சு மருத்துவர் ஃபெரே 1888இலேயே கண்டறிந்தார். இதயத்துடிப்புகளின் இடைவெளி ஓய்வில் இருக்கும்போது சற்று நீண்டும் குறுகியும் மாறி வரும். அழுத்தம் மிகும்போது அந்த நெகிழ்வு குறையும். இன்று கைக்கடிகாரத்தின் அடியில் மின்னும் பச்சை விளக்கு, குருதியோட்டத்தைப் பார்த்து இதனைக் கணக்கிட்டு விடுகிறது. குரலின் ஏற்றம், கண்பாவையின் விரிவு, விசைப்பலகையில் விரல் விழும் வேகம் ஆகியவையும் சான்றுகளாகின்றன. இவற்றைத் தொகுத்து, 'இவர் களைத்திருக்கிறார்' என்று முடிவு செய்யும் பொறி, திரையை எளிமையாக்கலாம். செய்திகளை நிறுத்தி வைக்கலாம். மூச்சை இழுத்து விடுமாறு அறிவுரையும் கூறலாம்.

உடலில் தோன்றும் குறியைக் கொண்டு உள்ளத்தை அறிதல் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் இதற்கென மெய்ப்பாட்டியல் என ஓர் இயலையே வகுத்தார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகள். பழம்பெருமை பேசுவதற்காக இதனைச் சொல்லவில்லை. இங்கு நாம் கவனிக்கவேண்டியது வேறொன்று. அழுகைக்கு அவர் கூறிய நான்கு நிலைக்களங்கள் யாவை? இழிவுபடுத்தப்படுதல், இழத்தல், தாழ்வுறுதல், வறுமை. கண்ணீரின் அளவையோ விம்மலின் ஒலியையோ அவர் வகைப்படுத்தவில்லை. கண்ணீரின் காரணத்தை வகைப்படுத்தினார். வெகுளிக்கும் அவ்வாறே: உறுப்பறுத்தல், குடியைக் கெடுத்தல், வைது அலைத்தல், கொல்லுதல். அநீதி நடந்திருக்கிறது, ஆகவே சினம் பிறந்திருக்கிறது என்று கூறும் இலக்கணம் அது. பொறியோ வியர்வையோடு நின்றுவிடுகிறது. சினத்தால் வியர்த்த கை, மகிழ்ச்சியால் வியர்த்த கை, நாகலாபுரத்து வெயிலால் வியர்த்த கை ஆகிய மூன்றும் அதற்கு ஏறத்தாழ ஒன்றே.

குரலை எடுத்துக்கொள்வோம். எங்கள் எல்லைப்புறத்தில் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும்; அதுவும் உரத்த குரலில் வரும். வயலின் இக்கரையிலிருந்து அக்கரைக்குப் பேசிப் பழகிய தொண்டைகள் இவை. அன்போடு நலம் விசாரிப்பவரைக்கூட வெளியூரார் சண்டைக்காரர் என்று எண்ணிவிடுவர். இக்குரல் வேறெங்கோ பழக்கப்படுத்தப்பட்ட பொறியின் செவியில் விழுந்தால் என்னவென்று பதிவாகும்? முகத்தசையின் அசைவைக் கொண்டு உணர்ச்சியை நம்பகமாகத் தீர்மானிக்க இயலாது என்று லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் பிற உளவியலாரும் 2019இல் விரிவான ஆய்வுரை ஒன்றை வெளியிட்டனர். 2022இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே, முகத்தைப் பார்த்து உணர்ச்சி கூறும் தன் சேவையைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது.

ஆயின், பிழையாக அறிகிறது என்பது மட்டுமே நம் குறையாயின், பிழையைத் திருத்திவிட்டால் குறை தீர்ந்துவிடும் அன்றோ? நாளை ஒரு பொறி தவறின்றி அறியும் என்றே கொள்வோம். அறக்கேள்வி அப்போதுதான் தொடங்குகிறது.

பிக்கார்டு அம்மையாரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் நடத்தி, 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது. கணிப்பொறி விளையாட்டு ஒன்றை, வேண்டுமென்றே இடையிடையே தடைப்படுமாறு அமைத்தனர். ஆடியவர்கள் எரிச்சலுற்றனர். அவர்களுள் ஒரு பகுதியினரிடம் மட்டும், கணிப்பொறி அவர்களுடைய எரிச்சலைக் கேட்டறிந்து, புரிந்துகொண்டதாகவும் வருந்துவதாகவும் கூறியது. பின்னர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஆடலாம் என்று விடப்பட்டபோது, ஆறுதல் பெற்றவர்கள் மற்றவர்களைவிட நெடுநேரம் ஆடினர். தங்களை வருத்திய அதே பொறியோடு!

நல்ல மனத்தோடு செய்யப்பட்ட ஆய்வுதான் இது. மனிதரின் எரிச்சலைத் தணிக்க வழி காண்பதே அதன் நோக்கம். எனினும் என்னைப் போன்ற எழுத்தர் ஒருவர் இதனைப் படிக்கும்போது வேறொரு பொருள் தோன்றுகிறது. பழுது அப்படியே இருந்தது. பழுதைப் பற்றிய வருத்தம் மட்டும் நீக்கப்பட்டது. வருத்தம் நீங்கியதும் மனிதர் பழுதோடு இணங்கிவிட்டார்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக மனுக்களின் நடுவே வாழ்பவன் நான். மனு என்றால் என்ன? 'இங்கே ஒன்று சரியில்லை' என்னும் செய்தி. அதற்கு ஓர் எண் உண்டு. பெற்றுக்கொண்ட நாள் உண்டு. விடையளிக்கவேண்டிய ஒருவர் உண்டு. விடை தாமதமாகலாம், தவறாகவும் இருக்கலாம். எங்கள் கோப்புகளின் வேகத்தைப் புகழ்ந்துரைக்கும் துணிவு எனக்கில்லை. ஆனால் மனு இருக்கிறது என்பதை எவரும் மறுக்க இயலாது. மனிதரின் மன அழுத்தத்தையும் நான் அவ்வாறே காண்கிறேன். நடுங்கும் கை ஓர் எழுதாத மனு. அதனைப் பெறும் பொறி எந்த எண்ணிட்டுப் பதிகிறது? யாருக்கு அனுப்புகிறது? விடையளிக்கக் கடமைப்பட்டவர் யார்?

உரியவரிடம் சென்று சேர்ந்தால் அது பெரும் நன்மை என்பதை மறைக்கக் கூடாது. பிக்கார்டு அம்மையாரின் மாணவர் ஒருவர், பேச இயலாத தம் தம்பியின் உள்ளத்து அழுத்தத்தை அறிய விரும்பி, ஆய்வுக்கூடத்துக் கைப்பட்டைகள் இரண்டை வாங்கிச் சென்று அச்சிறுவனின் இரு கைகளிலும் கட்டினார். ஒரு கையின் பட்டையில் மட்டும் வழக்கத்திற்கு மாறாக மிக உயர்ந்த குறி ஒன்று பதிவாயிற்று. கருவி பழுது என்றே முதலில் எண்ணினர். பின்னர் விசாரித்தபோது, அதையடுத்துச் சிறுவனுக்கு வலிப்பு வந்தது தெரிந்தது. அந்தத் தற்செயலிலிருந்து வளர்ந்த கைப்பட்டை, வலிப்பின் அறிகுறி கண்டதும் உறவினரை அழைக்கும் மருத்துவக் கருவியாக 2018இல் அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்றது. ஓடிவரக் கடமைப்பட்டவரிடமே அச்செய்தி செல்கிறது. சென்னை நெடுஞ்சாலையில் நள்ளிரவில் பேருந்து ஓட்டுபவரின் கண்ணயர்வை அறிந்து எழுப்பும் கருவியையும் நான் மனமார வரவேற்பேன். நானும் அப்பேருந்தில் பயணம் செய்பவன்தானே!

இனி வேறொரு காட்சியைக் காண்போம். நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் பெங்களூரிலும் சென்னையிலும் அயல்நாடுகளிலும் அழைப்பு மையங்களில் பணிபுரிகின்றனர். பாஸ்டன் நகரத்தில் தோன்றிய கோஜிட்டோ என்னும் நிறுவனம் அத்தகைய மையங்களுக்கென ஒரு மென்பொருளை உருவாக்கியது. தொலைபேசியில் பேசும் பணியாளரின் குரல் சோர்ந்தால், திரையில் காப்பிக் கோப்பை ஒன்றின் படம் தோன்றும். கனிவு குறைந்தால் இதயத்தின் படம் தோன்றும். படந்தான், காப்பி இல்லை. எழுந்து சென்று அருந்துவதற்குரிய பத்து நிமிட இடைவேளையும் அப்படத்தோடு வருவதில்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் அரவணைப்பில் 2008இல் தோன்றிய யூனிஃபோர் என்னும் நிறுவனமும் உரையாடல்களை ஆராயும் துறையில் உலகளவில் வளர்ந்து, முகத்தில் உணர்ச்சி அறியும் ஸ்பெயின் நாட்டு நிறுவனம் ஒன்றை 2021இல் வாங்கியது. ஆகவே இது கடல்கடந்த கதை மட்டுமன்று.

அத்தகைய இருக்கையில் அமர்ந்திருக்கும் மகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவளுடைய சோர்வுக்குக் காரணம் இரவுப் பணியாக இருக்கலாம். ஓய்வின்றி வரும் அழைப்புகளாக இருக்கலாம். அது நிருவாகத்திற்கு எதிரான மனு. ஆனால் பொறி அதனை அவளுக்கு எதிரான குற்றச்சாட்டாக மாற்றி அவளிடமே நீட்டுகிறது. அவள் வாய்திறந்து முறையிட்டிருந்தால், எதைச் சொல்வது, எப்போது சொல்வது, யாரிடம் சொல்வது என்பன அவள் உரிமையாக இருந்திருக்கும். அவள் சொல்லாமலே அவள் தோல் சொல்லிவிட்டால் அந்த உரிமை எங்கே?

இந்த உரிமையை நம் உச்சநீதிமன்றம் ஒரு வகையில் அறிந்தேற்றிருக்கிறது. செல்வி எதிர் கர்நாடக அரசு என்ற வழக்கில் 2010ஆம் ஆண்டு மே மாதம் அளித்த தீர்ப்பில், பொய்யறியும் கருவி முதலிய சோதனைகளை ஒருவருடைய இசைவின்றி அவர்மீது நடத்தக் கூடாது என்று கூறிற்று. பொய்யறியும் கருவியும் இதே வியர்வையையும் இதே நாடித்துடிப்பையும் அளப்பதுதான் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் உள்ள அந்தப் பாதுகாப்பு, குற்றமேதும் செய்யாத பணியாளருக்கு வேண்டாவா? ஐரோப்பிய ஒன்றியம் தன் செயற்கை அறிவுச் சட்டத்தின் வழி, பணியிடத்திலும் கல்விக்கூடத்திலும் உணர்ச்சியறியும் பொறிகளை 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்தது. மருத்துவத்திற்கும் பாதுகாப்பிற்கும் மட்டும் விலக்களித்தது. நம் நாடாளுமன்றம் 2023இல் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இசைவை அடிப்படையாகக் கொண்டதே. எனினும் வேலை தொடர்பான நோக்கங்களுக்கு இசைவின்றியும் தரவைக் கையாள அது இடம் விட்டிருக்கிறது. வேலை வேண்டும் என்பவரிடம் கேட்டுப் பெறும் இசைவும் எத்தகையது என்பது நமக்குத் தெரியும்.

வள்ளுவர் குறிப்பறிதல் என்ற ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்கள் வைத்தார். ஒன்று பொருட்பாலில், அரசனின் உள்ளக்குறிப்பை அமைச்சர் அறிவது. மற்றொன்று காமத்துப்பாலில், காதலர் ஒருவர் மற்றவரின் குறிப்பை அறிவது. முதலாவதில் எளியவர் வலியவரின் முகத்தை அறிகிறார். இரண்டாவதில் இருவரும் ஒருவரையொருவர் அறிகின்றனர். வலியவர் எளியவரின் முகத்தை ஒருதலையாகப் படித்துக்கொண்டிருக்கும் மூன்றாவது அதிகாரம் அங்கே இல்லை. அதனை எழுதிக்கொண்டிருப்பவர்கள் நாம்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தந்தையார் மருத்துவமனையில் இருந்த நாட்களில், பொறுமையிழந்து ஒரு முதியவரிடம் கடிந்து பேசிவிட்டேன். அடுத்த மேசையில் இருந்த நண்பர் எழுந்து வந்தார். "நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, நான் உக்காந்துக்கறேன்" என்றார். என் முகத்தை அவர் எப்படிப் படித்தார் என்று நான் கேட்கவில்லை. படித்ததோடு நில்லாமல் என் நாற்காலியில் அமர்ந்தார். அவருடைய மேசையில் கோப்புகள் குவிந்தன. அந்தக் குவியல்தான் அவர் அளித்த விடை.

அந்தப் பங்குனி நண்பகலுக்கு மீண்டும் வருகிறேன். நான்காம் முறையும் விரல் பொருந்தவில்லை. "கொஞ்சம் உக்காருங்க அவ்வா, பிறகு பார்க்கலாம்" என்றேன். அவர் நகரவில்லை. கம்பிகளினூடே என்னை உற்றுப் பார்த்தார்.

"மொகம் வாடிக் கெடக்குதே நைனா, சாப்ட்டியா?"

அப்போது மணி மூன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. இல்லை என்று தலையசைத்தேன். அவர் திரும்பி, வரிசையில் நின்றவர்களிடம் தெலுங்கில் ஏதோ உரக்கச் சொன்னார். சண்டையிடுவது போலத்தான் இருந்தது. வரிசை கலைந்து நிழலுக்குச் சென்றது. நான் கட்டுச்சோற்றை அவிழ்த்து உண்டு முடிக்கும்வரை அவர் வாசற்படியில் அமர்ந்திருந்தார். பிறகு வந்து, சேலைத்தலைப்பில் விரலைத் துடைத்துவிட்டு வைத்தார். ஐந்தாம் முறை பொருந்தியது.