போலீசாருக்குப் பட்டாளம் துணை வரலாமா?



கலகத்தைப் போலீசாரால் அடக்க முடியாவிடில் பட்டாளத்தை அழைப்பது தருமமா? எளியோர் உயிரைக் காக்க வேறு வழியில்லாதபோது, தருமமே. ஸ்நாபக அருளப்பர் தம்மிடம் வந்த சேவகரை வேலையை விடச் சொல்லவில்லை. ஒருவரையும் இம்சிக்கலாகாதென்றே கற்பித்தார்.

ஆனால் போர்வீரன் பயின்றது பகைவனை வெல்ல. கலகக்காரனோ நம் அயலான். அமைதி காக்க அமிர்தசரஸுக்கு வந்த தளபதி டயர் அதை மறந்தார். 1919 ஏப்ரல் 13-ல் ஆயுதமற்ற கூட்டத்தின்மீது எச்சரிக்கையின்றி 1,650 குண்டுகள் சுடுவித்தார். அரசாங்கக் கணக்கிலேயே 379 பேர் மாண்டனர்.

நமது 2023-ம் வருடக் குற்றவியல் நடைமுறைச் சட்டமோ, மாஜிஸ்திரேட் அழைத்து வரும் பட்டாளமும் கூடியமட்டும் குறைந்த பலத்தையே பிரயோகிக்க விதிக்கிறது.

பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு அனுப்பிய பெற்றோரே, அவர்களுக்குச் சொல்லி வையுங்கள்: கட்டளை மேலதிகாரியுடையதாயினும், கணக்குக் கேட்பவர் சர்வேசுரன்.