ஆண்டின் ஸந்த்யாகாலம்

ஸ்ரீ:

இரவும் பகலும் கூடும் வேளையை ஸந்த்யை என்று பெரியோர் போற்றினர். அவ்வேளையில் கைவேலையை நிறுத்தி, கையில் நீரை ஏந்தி, பகவானைத் தியானிக்க வேண்டும் என்பது வைதிக விதி. மாலை ஸந்த்யாவந்தனத்தில் பகலில் நேர்ந்த பிழைகளுக்கும், காலை ஸந்த்யாவந்தனத்தில் இரவில் நேர்ந்த பிழைகளுக்கும் சுத்தி வேண்டப்படுகிறது. நாளுக்கு ஒரு ஸந்த்யை இருப்பதுபோல ஆண்டுக்கும் ஒரு ஸந்த்யை உண்டு. அதனை நம்மில் பலர் கவனியாமலே கடந்து விடுகிறோம்.

மனிதர்க்கு ஓராண்டு தேவர்க்கு ஒரு நாள். தை முதல் ஆனி முடிய உள்ள உத்தராயணம் அவர்களுக்குப் பகல். ஆடி முதல் மார்கழி முடிய உள்ள தக்ஷிணாயனம் அவர்களுக்கு இரவு. கதிரவன் தென்திசை திரும்புவது ஜூன் 21-ஐ ஒட்டியே என்று வானநூலார் கூறுவர். பஞ்சாங்க மரபிலோ ஜூலை நடுவில் வரும் கடக ஸங்க்ரமணமே, அதாவது ஆடி மாதப் பிறப்பே, தக்ஷிணாயன புண்ணியகாலம். அன்று பித்ருக்களுக்குத் தர்ப்பணம் விடுகிறோம். மார்கழி தேவர்களின் விடியற்போது என்று அறிந்து, பனியையும் பொருட்படுத்தாது எழுந்து நீராடுகிறோம். அப்படியானால் ஆடி அவர்களுக்கு அந்திப்போது அன்றோ? விடியலைக் கொண்டாடத் தெரிந்த நாம் அந்தியை மறக்கலாமோ?

நித்ய கர்மாக்களில் ஸங்கல்பம் செய்பவர் ஆண்டின் பெயரையும், அயனத்தையும், ருதுவையும், மாதத்தையும் சொல்லித் தொடங்குகிறார். ஆறு மாதங்களாக ‘உத்தராயணே’ என்று சொல்லிப் பழகிய நாவு, ஆடி முதல் நாளன்று ‘தக்ஷிணாயனே’ என்று மாற்றிச் சொல்ல வேண்டும். பலருக்கும் அன்று நாவு பழைய சொல்லையே சொல்லி விடுகிறது. பிறகு திடுக்கிட்டுத் திருத்திக் கொள்கிறார்கள். அந்தத் திடுக்கிடுதல் சிறிய விஷயமன்று. இத்தனை நாளும் வாய் சொல்லியது, மனம் அங்கே இல்லை என்பதை அந்த ஒரு சொல் காட்டிக் கொடுக்கிறது. ஆண்டின் நடுவில் நின்று தன்னைப் பார்த்துக் கொள்ள அதைவிடச் சிறந்த நினைவூட்டல் வேறென்ன வேண்டும்?

உலகியலிலும் இம்முறை உண்டு. முன்னாளில் ஜூன் 30, டிசம்பர் 31 ஆகிய இரு நாள்களும் அரையாண்டுக் கணக்கு முடிப்பதற்காக வங்கிகளுக்கு விடுமுறையாக இருந்தன. கதவைச் சாத்திவிட்டு உள்ளே வரவையும் செலவையும் ஒத்துப் பார்த்தனர். மாணாக்கர்க்கும் அரையாண்டுத் தேர்வு உண்டு. தியாகராய நகரின் கடைவீதியில் சிறு கடை வைத்திருப்பவரும் அவ்வப்போது சரக்கை எண்ணிப் பார்க்காமல் வாணிபம் நடத்துவதில்லை. காசுக்குக் கணக்கு வைக்கும் நாம் காலத்துக்குக் கணக்கு வைப்பதில்லை. கழிந்த காலமோ எந்தப் பெட்டியிலும் மீண்டும் வந்து சேர்வதில்லை.

எம்பெருமானும் இக்காலத்தில் நமக்கு ஒரு குறிப்பைக் காட்டியருளுகிறான். ஆஷாட மாதத்துச் சுக்ல ஏகாதசியன்று பகவான் யோகநித்திரை கொள்கிறான்; கார்த்திக மாதத்துச் சுக்ல ஏகாதசியன்று திருக்கண் விழிக்கிறான். இவ்விரண்டுக்கும் நடுவே பாத்ரபத மாதத்துச் சுக்ல ஏகாதசிக்குப் பரிவர்த்தன ஏகாதசி என்று பெயர். அன்று அவன் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் திரும்பிச் சயனிக்கிறான் என்பது புராண மரபு. உறங்காமல் உறங்கும் அவனுக்குத் திரும்ப வேண்டிய தேவை என்ன? இடையில் திரும்புதல் என்பதை நமக்குக் கற்பிக்கவே என்று கொள்வதில் தவறில்லை. ஊர் ஊராகச் செல்லும் ஸந்யாசிகளும் இம்மழைக்காலத்தில் சாதுர்மாஸ்ய ஸங்கல்பம் செய்துகொண்டு ஓரிடத்தில் தங்கி விடுகிறார்கள். நடப்பவர்க்கு நிற்றலும் ஒரு தர்மமே.

திருக்கோயில்களில் இக்காலத்தை ஒட்டி நடப்பது பவித்ரோத்ஸவம். திருவரங்கத்தில் பாஞ்சராத்ர முறைப்படி ஆவணியில் ஒன்பது நாள்கள் நடைபெறுகிறது. வைகானஸ முறை வழங்கும் திருமலையில் சிராவண மாதத்தில் மூன்று நாள்கள் நடைபெறுகிறது. அங்கே இடைக்காலத்தில் நின்று போயிருந்த இவ்விழா 1962-ஆம் ஆண்டு மீண்டும் தொடங்கப்பெற்றது. முளையிடுதல், ஹோமம், பவித்ரப் பிரதிஷ்டை, பவித்ரம் சாத்துதல், பூர்ணாஹுதி என்று இதன் அங்கங்கள் பல.

‘பூ’ என்னும் தாதுவுக்குத் தூய்மை செய்தல் என்று பொருள். அதிலிருந்து பிறந்ததே பவித்ரம் என்னும் சொல். நூலை முறுக்கி, முடிச்சுகள் இட்டு, மந்திரத்தால் சுத்தி செய்து, பெருமாளுக்கு மாலையாகச் சாத்துகிறார்கள். ஆண்டு முழுவதும் நடந்த திருவாராதனத்தில் மந்திரலோபம், கிரியாலோபம், திரவியலோபம் என மூவகைக் குறைகள் நேர்ந்திருக்கக் கூடும். ஒரு ஸ்வரம் பிறழ்ந்திருக்கலாம். ஒரு முத்திரை விடுபட்டிருக்கலாம். பெருமழை நாளில் பூக்கூடை வரத் தாமதமாகி, இருந்த துளஸியைக் கொண்டே அர்ச்சனை முடிந்திருக்கலாம். கை தீபத்தைச் சுற்றும்போது, காது தட்டில் விழும் காசின் ஓசையில் நின்றிருக்கலாம். பிறர் கண்ணுக்குப் படாத இக்கடைசிக் குறையே எல்லாவற்றிலும் பெரியது. இவை அனைத்தும் நேர்ந்திருக்கும் என்று ஒப்புக்கொண்டே பவித்ரோத்ஸவம் தொடங்குகிறது. பிழையே செய்யவில்லை என்று சொல்பவனுக்கு அந்த யாகசாலையில் வேலை இல்லை.

இங்கே ஓர் ஐயம் எழலாம். ஆண்டுக்கொரு முறை பிராயச்சித்தம் இருக்குமானால், மற்ற நாள்களில் கவனக்குறைவாக இருக்கலாமோ என்பது அது. இருக்கலாகாது. பிராயச்சித்தத்துக்கு உயிர் அநுதாபம், அதாவது செய்த பிழைக்கு உள்ளம் வருந்துதல். ‘பின்னால் கழுவிக் கொள்ளலாம்’ என்று எண்ணிச் சேற்றில் இறங்குபவனுக்கு அவ்வருத்தம் எங்கிருந்து வரும்? பவித்ரத்தில் முடிச்சு இடுவதன் பொருளையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். முடிச்சில்லாத நூல் கையினின்று நழுவி விடும். அதுபோல, ‘இனி இவ்வாறு செய்யேன்’ என்ற உறுதியில்லாத வருத்தமும் நழுவி விடும்.

இவ்வுண்மைக்குத் திருமயிலையிலேயே ஒரு சரித்திரம் உண்டு. கேசவப் பெருமாளும் மாதவப் பெருமாளும் எழுந்தருளியிருக்கும் இத்தலத்தில், ஐப்பசிச் சதயத்தில் அவதரித்தவர் பேயாழ்வார். அந்நாளில் பக்திஸாரர் என்னும் பெரியவர் பல சமய நூல்களையும் ஆராய்ந்து, இன்னும் நிலைகொள்ளாதவராய்த் திரிந்து கொண்டிருந்தார். அவரைத் திருத்திப் பணிகொள்ளத் திருவுள்ளம் பற்றிய பேயாழ்வார், அவர் வரும் வழியில் ஒரு செடியைத் தலைகீழாக நட்டார். தழை மண்ணிலும் வேர் வானிலுமாக நின்ற அச்செடிக்கு, ஓட்டைக் குடத்தையும் இற்றுப்போன கயிற்றையும் கொண்டு நீர் இறைக்கத் தொடங்கினார். கண்டவர் நகைத்தார், இஃது என்ன பேதைமை என்று வினவினார். வேரை விட்டுத் தழைக்கு நீர் வார்ப்பவன் தான் ஒருவன் மட்டுந்தானோ என்னும் பொருள்படப் பேயாழ்வார் விடையிறுத்ததாகக் குருபரம்பரை கூறும். அச்சொல் பக்திஸாரரைச் சுட்டது. அவர் நின்றார், சிந்தித்தார், திரும்பினார். பேயாழ்வாரையே ஆசாரியராகக் கொண்டார். அவரே திருமழிசையாழ்வார். நான்முகன் திருவந்தாதி 96, திருச்சந்தவிருத்தம் 120, ஆக 216 பாசுரங்கள் தமிழுலகுக்குக் கிடைத்தது, நடுவழியில் ஒருவர் நின்று சிந்தித்ததன் பயனாகும்.

இச்சரித்திரத்தில் மூன்று குறைகள் காட்டப்பட்டன. இற்ற கயிறு நம் நியமத்தைக் குறிக்கும்: தையில் தொடங்கிய பாராயணம் மாசியில் தளர்ந்து பங்குனியில் அறுந்து போகிறது. ஓட்டைக் குடம் நம் மனத்தைக் குறிக்கும்: உபந்யாசத்தில் கேட்ட நற்பொருள் வாயிற்படி தாண்டும் முன்பே ஒழுகி விடுகிறது. தலைகீழ்ச் செடி நம் நோக்கத்தைக் குறிக்கும். முதல் இரண்டைவிட மூன்றாவதே ஆபத்தானது. கயிற்றை மாற்றலாம், குடத்தை அடைக்கலாம். ஆனால் செடி தலைகீழாக நிற்குமானால், புதுக்கயிறும் புதுக்குடமும் கொண்டு இறைத்தாலும் அத்தனை நீரும் வீணே. பகவத் கைங்கர்யம் என்று தொடங்கிய செயல் புகழுக்காக நடக்கிறதா, குடும்பத்துக்காக என்று உழைத்த உழைப்பே குடும்பத்தாரோடு அமர்ந்து உண்ணவும் நேரமின்றிச் செய்து விட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதிகமாக இறைப்பது பிறகு. வேர் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது முதலில்.

இதற்கு நீண்ட நாள் வேண்டா. ஒரு மாலைப் பொழுது போதும். திருவிழாவைச் சேவிக்க வந்துள்ள ஆஸ்திக அன்பர்கள், பிரதக்ஷிணம் முடிந்ததும் பிராகாரத்தில் சிறிது அமர்ந்து மூன்று கேள்விகளைத் தம்மையே கேட்டுக் கொள்ளலாம். ஆண்டின் தொடக்கத்தில் பெருமாள் முன் எதை வேண்டிக் கொண்டோம்? இதுவரை எதைச் செய்தோம்? எஞ்சிய மாதங்களில் விடாது செய்யக் கூடிய ஒன்று எது? ஒன்று போதும். பத்து ஸங்கல்பங்கள் செய்து ஒன்பதை மறப்பதைவிட, ஒன்றைச் செய்து அதற்கு ஒரு முடிச்சு இடுவது மேல். தினமும் ஒரு பாசுரம் சேவித்தல், முதியோரிடம் கடுஞ்சொல் கூறாதிருத்தல், மனஸ்தாபத்தால் பேசாதிருந்த உடன்பிறந்தார் வீட்டுக்கு ஒருமுறை சென்று வருதல் என ஏதேனும் ஒன்று.

பாதி ஆண்டு வீணாயிற்றே என்று ஒருவரும் கலங்க வேண்டுவதில்லை. பகல் முழுவதும் தவறினவனுக்கும் மாலை ஸந்த்யை உண்டு. அவன் ஏந்தும் அர்க்கியத்தை மறுப்பாரில்லை. குறையுடைய நம் ஆராதனத்தை இத்தனை நாளும் ஏற்று, அக்குறை தீர நாம் சாத்தும் நூலையும் திருமார்பில் அணிந்து நிற்பவன் அன்றோ நம் பெருமாள்! அவன் திருமுன்பே இக்கணக்கை ஒப்புக் கொடுத்து, எஞ்சிய ஆண்டை அவன் திருவடிகளிலேயே வைத்துத் தொடங்குவோமாக.

ஸர்வ மங்களானி பவந்து.