வலசைப் பறவையும் விருந்தோம்பலும்

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். முன்பின் அறியாதவராய் வாயிலில் வந்து நிற்பவரையே நம் முன்னோர் விருந்தென்று போற்றினர். வள்ளுவப் பெருந்தகை அவ்வறத்திற்குத் தனி அதிகாரமே வகுத்தார். அது மக்களோடு நின்றுவிடுவதா, ஆண்டுதோறும் மலையும் கடலும் கடந்து வரும் பறவைக்கும் உரியதா என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வடநாடுகளில் இளவேனில் என்பது பறவைகள் வந்துசேரும் பருவம். அங்கே எடுக்கும் விழா வரவேற்பு விழா. நம் நாட்டிலோ அவை குளிர்காலத்தை ஒட்டி வந்து, இளவேனிலில் விடைபெற்றுச் செல்கின்றன. தென்குமரி ஆடி வடதிசைக்கு மீளும் நாரையிடம் சத்திமுத்தப் புலவர் தம் மனைவிக்குத் தூது சொல்லி அனுப்பியதைத் தமிழுலகம் நன்கறியும். 2006 முதல் உலக வலசைப் பறவைகள் நாள் கொண்டாடப்பட்டு வருகிறது. விழா எடுப்பது நன்றே. ஆயினும் பறவைக்கு வேண்டுவன நீரும் இரையும் அமைதியும் அல்லவா? அவற்றை அளிப்பவர் யார், அதற்கு அவர் கொடுக்கும் விலை என்ன என்று கேட்பதே அறம்பற்றிய கேள்வியாகும்.

வேடந்தாங்கல் மக்கள் தம் ஏரிப் பறவைகளைப் பல தலைமுறைகளாகக் காத்து வருகின்றனர். 1798-இல் செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த லயனல் பிளேஸ் அக்காவலுக்கு ஒப்புதல் அளித்தார். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவ்வூரார் அறிவர். பயன் கருதிச் செய்வது அறமாகுமா என்று சிலர் வினவலாம். பயனும் அறமும் ஒருவழிச் செல்லுமாயின் அதனை இழிவென்று தள்ள வேண்டுவதில்லை. இரு நூற்றாண்டுகளுக்கு மேல் அக்காவல் நிலைத்ததற்கு அவ்விணைப்பும் ஒரு காரணமன்றோ?

இராசத்தான் மாநிலத்தில் பலோடி நகரை அடுத்த கீச்சன் என்னும் சிற்றூரில் மற்றொரு வகையைக் காண்கிறோம். மங்கோலியா முதலிய நாடுகளிலிருந்து வரும் குர்ஜா என்னும் சிறு கொக்கினங்களுக்கு அவ்வூரார் குளிர்காலம் முழுவதும் தானியம் இறைக்கின்றனர். பாலைநிலத்தின் விளிம்பில் வாழ்வோர் தானியத்தின் அருமை அறியாதவர் அல்லர். ஆயினும் பல்லாயிரம் பறவைகளுக்குப் பங்கிடுகின்றனர். 2025-இல் அவ்வூரின் நீர்நிலை உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

கொடுப்பதினும் அரியது கைக்கு எட்டியதை விடுதல். நாகாலாந்தின் வோக்கா மாவட்டத்தில் டோயாங் ஆற்றுக்கு அணை கட்டியபோது பாங்தி ஊராரின் விளைநிலங்கள் பல நீரில் மூழ்கின. அந்நீர்த்தேக்கத்தின் கரையில்தான் சைபீரியா, வட சீனம் ஆகிய பகுதிகளிலிருந்து தென் ஆப்பிரிக்கா நோக்கிச் செல்லும் அமூர் வல்லூறுகள் ஆண்டுதோறும் பெருந்திரளாகத் தங்குகின்றன. வயலிழந்தோர் வலை விரித்தனர். 2012-இல் அங்கே கொல்லப்பட்டவை ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டவை என மதிப்பிடப்பட்டது. செய்தி கேட்டு நாடெங்கும் நகரத்தார் வெகுண்டனர். ஆனால் அடுத்த ஆண்டே வலைகளைச் சுருட்டியவர் அவ்வூரார். 2013-இல் ஊர் மன்றங்கள் வேட்டையைத் தடைசெய்தன. ஒரு வல்லூறும் அப்பருவத்தில் வலைப்படவில்லை. செயற்கைக்கோள் வழி அறிதற்குக் கருவி பொருத்திய மூன்று பறவைகளுக்கு நாகா, பாங்தி, வோக்கா என்றே பெயரிட்டனர். அவை அரபிக் கடலை இடைநில்லாது கடந்து ஆப்பிரிக்கா சென்றன.

இங்கே நம் நெஞ்சைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வெகுண்டவர்க்கு இழப்பு ஏதுமில்லை. வலையை விட்டவரோ பிள்ளைகளின் படிப்புக்கும் உதவிய வருவாயை விட்டனர். பறவை உலகப் பொதுச்சொத்து என்கிறோம். அதைக் காக்கும் செலவை மட்டும் ஏழைச் சிற்றூரின் தலையில் ஏற்றுவது நேர்மையாகுமா? அவர்தம் பிழைப்புக்கு மாற்றுவழி தேடாமல் அவர்தம் பெருந்தன்மையைப் பாராட்டிப் பேசுவது எளிது. அப்பாராட்டு அவர்கள் இழந்ததை ஈடுசெய்யாது.

ஆதலால் பறவை விழாவை நாம் வேண்டா என்கிலோம். அதில் ஒரு கடமையும் சேர வேண்டும் என்கிறோம். விருந்தை ஓம்புபவனுக்கு விருந்தும் வேண்டும், சோறும் வேண்டும். காக்கும் ஊருக்குக் கைகொடுப்பதும், நம் நகரின் ஏரி குளங்களைத் தூர்க்காமல் விடுவதும் நம்மால் இயல்வனவே. இளவேனிலில் வடக்கே சென்ற பறவை அடுத்த குளிர்காலத்தில் மீளும்போது, இறங்குவதற்கு நீர் இருத்தல் வேண்டும்.