விலகி நிற்றலும் கைங்கர்யமே

திருவிழா என்பதன் உயிர் கூடுதலில் இருக்கிறது. தேர்வடத்தைப் பல்லாயிரம் கைகள் பற்றினால்தான் தேர் நகர்கிறது. தனித்து நின்று செய்யும் வழிபாட்டினும், அடியார் குழாத்தோடு கூடி நின்று எம்பெருமானை ஸேவிப்பதையே ஆழ்வார்கள் பெரிதும் விரும்பினர். பரமபதத்தில் பெறும் பேறுங்கூட, நித்யஸூரிகளும் முக்தர்களும் கூடியிருக்கும் திருவோலக்கத்தில் ஓர் இடம் பெறுதலே என்பது பெரியோர் கொள்கை. இத்தகைய ஸம்ப்ரதாயத்தில் வந்த அடியார்களை நோக்கி, "கூடாதீர்கள், விலகி நில்லுங்கள், கோயிலுக்கும் வாராதீர்கள்" என்று ஒரு காலம் கட்டளையிடுமானால், அதற்குக் கீழ்ப்படிதல் தர்மம் ஆகுமா? அன்றி, அது பக்தியில் நேர்ந்த ஒரு குறைவு ஆகுமா?

2020-ஆம் ஆண்டில் இவ்வினா ஒவ்வோர் ஆஸ்திகர் இல்லத்திலும் எழுந்தது. கொரோனா என்னும் கொள்ளைநோய் பரவியதால், அவ்வாண்டு மார்ச் மாதத்தில் திருமலையில் பக்தர்களுக்கு ஸேவை நிறுத்தப்பட்டது. தமிழகத் திருக்கோயில்களில் நித்ய ஆராதனங்கள் குறைவின்றி நடைபெற்றன. அடியார்கள் மட்டும் மதிலுக்கு வெளியே நின்றனர். கள்ளழகர் வைகையில் எழுந்தருளும் வைபவம் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நடைபெறவில்லை. பொருநைக் கரையிலுள்ள நவதிருப்பதி எம்பெருமான்களும் ஆழ்வார்திருநகரியில் ஒருங்கே கருடவாகனத்தில் ஸேவை ஸாதிக்கும் வைகாசி மாதமும் அவ்விரண்டு ஆண்டுகளிலும் ஊரடங்கிற்குள்ளேயே வந்து சென்றது. திருமலை ப்ரஹ்மோத்ஸவமும் ஏகாந்தமாகவே நிறைவேறிற்று. கண்ணீர் விட்டவர் பலர்; சினந்தவர் சிலர். இரு சாராருடைய உள்ளத்திலும் இருந்த வினா ஒன்றே. அதனை ஆராய்தற்குத் தூத்துக்குடிக் கடற்கரையைக் காட்டிலும் ஏற்றதோர் இடம் காண்பது அரிது.

முத்துக்கரை கற்ற பாடம்

மன்னார் வளைகுடாவின் இருகரைகளிலும் முத்துக்குளிப்புக் காலங்களில் வெறும் மணல்வெளி சில நாட்களில் ஒரு நகரமாகிவிடும். குளிகாரர், தோணிக்காரர், வணிகர், காவலர் எனப் பல ஊராரும் பல சமயத்தாரும் ஆயிரக்கணக்கில் அங்கே குழுமுவர். குடிநீர் அரிது, வெயில் கடிது, முத்தெடுப்பதற்காகக் குவித்து அழுகவிடப்பட்ட சிப்பிகளின் நாற்றமும் ஈக்களும் எங்கும் நிறைந்திருக்கும். வாந்திபேதி தோன்றிக் குளிப்பையே இடைநடுவில் நிறுத்த நேர்ந்த காலங்களும் உண்டு. முத்தைத் தேடி வந்த கூட்டமே நோயையும் தன் ஊர்களுக்குச் சுமந்து சென்றது. மக்கள் நல்ல நோக்கத்தோடு கூடினாலும் நோய் அந்நோக்கத்தைப் பார்ப்பதில்லை என்பதை இக்கரை அன்றே கண்டது.

தூத்துக்குடியிலிருந்து மணியாச்சி செல்லும் இருப்புப்பாதையில் தட்டப்பாறை என்றோர் ஊர் உளது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிவேலை நாடிச் சென்ற தமிழ் மக்கள், தூத்துக்குடியில் கப்பலேறுமுன் இவ்வூர் முகாமில் தங்கவைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டனர். 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற்போக்குவரத்து தொடங்கிய பின்னர், இப்பணி இராமேசுவரத்துக்கு அணித்தான மண்டபத்துக்கு மாறிற்று. இம்முகாம்களை நடத்தியது இலங்கை அரசு. நோய் கடல் கடந்து செல்லாமற் காத்தது அவற்றின் நற்பயன் ஆகும். ஆயினும் மேல்வகுப்புப் பயணிகளுக்கு ஒரு நடைமுறையும், மூட்டையும் குழந்தையுமாக வந்த ஏழைகளுக்கு வேறொரு நடைமுறையும் இருந்தன என்பது மறைத்தற்கு உரியதன்று. கிருமி வகுப்புப் பார்ப்பதில்லை; விதி பார்த்தது. இதனால் அறியத்தக்கது ஒன்று உண்டு. விலக்கி வைத்தல் எல்லோர்க்கும் ஒருபடித்தாக இருந்தால் அது தர்மம்; எளியவர்க்கு மட்டும் என்றால் அது தண்டனை.

ஒரு நூற்றாண்டு கழிந்தது. வ.உ.சி.யின் திருப்பெயர் பூண்ட அதே தூத்துக்குடித் துறைமுகத்திற்கு, 2020 ஜூன் 2-ஆம் நாள் கொழும்பிலிருந்தும், ஜூன் 7-ஆம் நாள் மாலத்தீவிலிருந்தும், ஜூலை 1-ஆம் நாள் ஈரான் நாட்டின் பந்தர் அப்பாஸிலிருந்தும் ஜலாஷ்வா என்னும் கடற்படைக் கப்பல் வந்தது. 'சமுத்திர சேது' என்று பெயரிடப்பட்ட அப்பணியில், மூன்று முறையுமாக ஏறக்குறைய 2,000 பேர் இத்துறையில் தாயகம் மிதித்தனர். அயல்நாட்டில் வேலையிழந்து தவித்த மீனவரும் தொழிலாளரும் அவர்களுள் இருந்தனர். கரையிறங்கியதும் வீடு நோக்கி ஓடவே உள்ளம் விழையும். ஆயினும் உடற்சோதனைக்குப் பின் பேருந்துகளில் தத்தம் மாவட்டங்களுக்குச் சென்று, குறித்த நாட்கள் தனித்திருந்த பின்னரே அவர்கள் தங்கள் உற்றாரோடு கூடினர். பெற்ற தாயைக் கண்ணெதிரே கண்டும் அருகே செல்லாமல் நிற்பது எளிய நோன்பன்று.

இவ்வழக்கம் நெடுங்காலத்தது. 1377-இல் ஐரோப்பாவின் ரகூசா என்னும் துறைமுக நகர், நோயுள்ள இடங்களிலிருந்து வருவோர் முப்பது நாள் தனித்திருக்க வேண்டுமென விதித்தது. பின்னர் அது நாற்பது நாளாயிற்று. குவாரண்டைன் என்னும் சொல், நாற்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்தே பிறந்தது. நாற்பது நாள் என்றதும் தமிழர்க்கு ஒரு மண்டல விரதம் நினைவுக்கு வருதல் இயல்பு. விரதம் இருப்பவர் தம் நன்மையை வேண்டி இருக்கிறார். தனித்திருப்பவரோ தாம் பெயரறியாத பிறருடைய நன்மைக்காக இருக்கிறார். இன்றும் அயல்நாட்டுக் கப்பல் துறைக்கு வரும்போது மஞ்சட்கொடி ஏற்றுவதுண்டு. "எம் கலத்தில் நோயில்லை, கரை சேர அனுமதி தருக" என்பது அக்கொடியின் பொருள். அனுமதி கிடைக்கும் வரை கலம் காத்து நிற்கிறது.

சரணாகதிக்கு இது முரணா?

இங்கு ஒரு தடை எழலாம். "காப்பவன் எம்பெருமான். அவன் திருவடிகளைப் பற்றிய பின் முகக்கவசம் ஏன்? தடுப்பூசி ஏன்? விலகி நிற்பது அவனிடம் நம்பிக்கையின்மையைக் காட்டாதா?" என்று கேட்பார் உளர்.

சரணாகதிக்கு ஐந்து அங்கங்கள் உண்டு. அவன் திருவுள்ளத்துக்கு உகந்ததைச் செய்வேன் என்னும் உறுதியும், உகவாததை விடுவேன் என்னும் உறுதியுமே முதலிரண்டு. காப்பான் என்னும் மஹாவிச்வாஸம் அவற்றின் பின்னரே எண்ணப்படுகிறது. எல்லா உயிர்களும் அவனுக்கு உடைமை. ஓருயிர்க்குத் தீங்கு செய்தல் அவனுக்கு உகவாதது. காய்ச்சலோடு திருவிழாக் கூட்டத்தில் நுழைபவர், எம்பெருமானை நாடி வந்த ஒரு முதியவருக்கோ ஒரு பிள்ளைக்கோ நோயைக் கொடுத்துவிட்டுச் செல்லக்கூடும். அடியார்க்கு இழைக்கும் பாகவதாபசாரத்தை எம்பெருமானும் பொறான் என்று பெரியோர் அஞ்சி நடந்தனர். ஆகவே நோயுற்றபோது வீட்டில் தங்குதல் சரணாகதியின் முதற்படியைக் காத்தலேயாகும்.

"என் உயிர் என்னுடையது, வருவது வரட்டும்" என்று சிலர் துணிந்து பேசுவதுண்டு. தன் உயிரைப் பற்றிய துணிவு போற்றத்தக்கதாகவும் இருக்கலாம். பிறர் உயிரைப் பணயமாக வைத்துக் காட்டும் துணிவுக்கு அப்பெயர் பொருந்தாது. திருக்கோட்டியூரில் எம்பெருமானார், பலர் உய்வதற்காகத் தாம் ஒருவர் நரகம் புகவும் இசைந்தார். அவருடைய திருவடி நிழலில் வாழ்வோர், பலர் பிழைப்பதற்காகச் சில நாள் ஸேவையை இழத்தல் பெரிதாகுமா?

தீண்டாமை வேறு, விலகல் வேறு

இவ்வினாவின் மிகக் கடினமான பகுதி இனித்தான் உளது. "தொடாதே, அருகே வராதே" என்னும் சொற்கள் இந்நாட்டில் புதியன அல்ல. பிறப்பைக் காட்டி மாந்தரை ஒதுக்கிய பாவம் நெடுங்காலம் நீடித்தது. நோய்க்காக விலகுதலும் அதுபோன்றதோ என்னும் ஐயம் நியாயமானதே.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நோக்கத்தில் இருக்கிறது. "உன் தீண்டலால் எனக்குக் குற்றம்" என்கிறது தீண்டாமை. "என் தீண்டலால் உனக்குத் தீங்கு வாராதிருக்க வேண்டும்" என்கிறது தூய விலகல். முன்னது செருக்கில் பிறக்கிறது. பின்னது கருணையில் பிறக்கிறது. ஆயினும் அச்சம் மிகும்போது பின்னது முன்னதாக மாறிவிடும் என்பதை 2020 ஏப்ரல் மாதத்தில் சென்னை மாநகர் கண்டது. நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்து, அந்நோய்க்கே இரையான மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. கொள்ளைநோய்க் காலத்தில் மருத்துவப் பணியாளரைத் தாக்குவோர்க்குக் கடுந்தண்டனை விதிக்கும் வகையில், 1897-ஆம் ஆண்டுச் சட்டம் அம்மாதமே அவசரமாகத் திருத்தப்பட்டது. சட்டம் கையைத் தடுக்கும். உள்ளத்தைத் திருத்துதல் ஆசார்யர்களின் வாழ்வைக் கற்பதாலேயே கூடும்.

ஆளவந்தாரின் சீடர் மாறனேரி நம்பி. தாழ்ந்ததென உலகோர் ஒதுக்கிய குலத்தில் தோன்றியவர். தம் ஆசார்யனுக்கு உண்டான ராஜபிளவை நோயை, பிரஸாதம் போலத் தமக்கு வேண்டிப் பெற்றார் என்று குருபரம்பரை கூறும். நோயோடு தனித்திருந்த அவரிடம் நாள்தோறும் சென்று உணவளித்துப் பேணியவர் பெரியநம்பி. மாறனேரி நம்பி திருநாடு அலங்கரித்தபோது ஈமக்கடன்களையும் அவரே செய்தார். ஊர் பழித்தது. எம்பெருமானார் காரணம் வினவியபோது, ஜடாயுவுக்குப் பெருமாள் செய்ததையும் விதுரருக்குத் தருமபுத்திரர் செய்ததையும் பெரியநம்பி எடுத்துக் காட்டினார்.

நோயுற்றவர் தனித்திருக்கலாம், தனியராக விடப்படலாகாது என்பதே இவ்வரலாறு புகட்டும் நெறி. ஊரடங்கு நாட்களில் தனித்திருந்த வீட்டு வாசலில் கஞ்சியும் மருந்தும் வைத்துவிட்டுச் சற்றே விலகி நின்று, "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று குரல் கொடுத்த அண்டை வீட்டார் ஒவ்வொருவரும் பெரியநம்பியின் வழியில் நின்றவரே. விலகியிரு என்று சொல்ல அரசுக்கும் ஊருக்கும் உரிமை உண்டு. அவ்வுரிமையோடு, விலகியிருப்பவருக்கு உண்டி கொடுக்கும் கடமையும் சேர்ந்தே வருகிறது. அன்றாடக் கூலியால் வாழ்பவரைப் பட்டினியில் வைத்துவிட்டு அவர் விதியை மீறினார் என்று பழிப்பது முறையன்று.

எம்பெருமானே காட்டிய வழி

பூரி ஜகந்நாத க்ஷேத்திரத்தில் ஆண்டுதோறும் நிகழும் ஒரு வைபவம் இங்கு நினைக்கத்தக்கது. ஆனி மாதத்தையொட்டி வரும் ஸ்நான பூர்ணிமையன்று நூற்றெட்டுக் குடம் திருமஞ்சனம் கொண்டருளும் பெருமாள், அதன்பின் ஜ்வரம் கண்டவராய் ஏறக்குறைய பதினைந்து நாள் எவர்க்கும் ஸேவை ஸாதியாமல் தனித்திருக்கிறார். அநவஸரம் என்பது அதன் பெயர். அந்நாட்களில் மூலிகை மருந்து அமுது செய்விக்கப்படுகிறது. நலம் பெற்ற பின்னரே தேரில் எழுந்தருளுகிறார். ஸர்வலோக ரக்ஷகனுக்கு நோயேது? அடியார்க்கு நெறி காட்டவே நோயும் தனிமையும் மருந்தும் ஏற்றருளினான் என்று கொள்வதில் தவறில்லை.

2020 ஜூன் 23-ஆம் நாள் அந்த ரதயாத்திரை, உச்சநீதிமன்றத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பொதுமக்களின்றி நடந்தது. ஒவ்வொரு தேரையும் சோதனையில் நோயில்லை எனத் தேறிய ஐந்நூற்றுவர்க்கு மிகாமல் இழுத்தனர். மற்றையோர் வீட்டுக்குள் இருந்தனர். அன்று பூரி வீதியில் இல்லாதிருந்தவர்கள், தேர்வடம் பிடித்தவர்களோடு ஒக்கவே அத்தேரை நடத்தினார்கள்.

ஸேவைக்குச் செல்ல இயலாமையால் பேறு குறையுமோ என்று அஞ்சுவார்க்குப் பொருநைக் கரைப் புளியமரம் விடை கூறும். நம்மாழ்வார் பதினாறு ஆண்டுகள் திருக்குருகூர்த் திருப்புளியின் அடியிலேயே எழுந்தருளியிருந்தார். திவ்யதேசங்களுக்கு அவர் நடந்து செல்லவில்லை. திவ்யதேசத்து எம்பெருமான்களே பாசுரம் வேண்டி அவரிடம் வந்தனர் என்று பெரியோர் பணிப்பர்.

முத்துக்குளிப்பவன் இடுப்பில் கயிறு கட்டிக் கடலில் இறங்குகிறான். மற்றொரு நுனி தோணியில் இருப்பவன் கையில் இருக்கிறது. அவன் கண்ணயர்ந்தால், கீழே இருப்பவன் எத்துணை வல்லவனாயினும் பயனில்லை. கொள்ளைநோய்க் காலத்தில் ஒவ்வொருவர் கையிலும் மற்றொருவர் உயிர்க்கயிறு இருக்கிறது. அக்கயிற்றைப் பற்றியிருப்பதும் கைங்கர்யமே.

இன்று திருவீதிகள் மீண்டும் நிறைந்துள்ளன. இக்கூட்டத்தில் நெருங்கி நின்று திருவிழா ஸேவிக்கும் பேறு, அன்று விலகி நின்றவர்கள் காத்துத் தந்தது. இனி எக்காலத்தேனும் அத்தகைய நாட்கள் நேர்ந்தால், அடியார்கள் அன்பினால் விலகி நின்று, அன்பினால் மீண்டும் கூடுவார்களாக. அவர்கள் நோயற்ற வாழ்வு பெற்று, எம்பெருமான் திருவீதியில் பல்லாண்டு பல்லாண்டு கூடி நின்று மங்களாசாஸனம் செய்யத் திருவருள் புரிக.