அறியாமையும் பிறர்சிநேகமும்



வியாதிக்காரரைச் சந்தித்து விசாரிப்பது தருமக் கிரியைகளில் ஒன்றென்று ஞானோபதேச வகுப்பில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். அன்போடு பக்கத்தில் இருந்தால் போதுமா, செய்யவேண்டியதைச் செய்யத் தெரிந்திருக்கவும் வேண்டுமா? தெரியாமற்போனால் அது குற்றமாகுமா? இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. என் தகப்பனாரின் கட்டிலருகே வந்தது.

சில வருஷங்களுக்கு முன் அவர் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அவருடைய தேகநிலையில் ஆபரேஷன் கூடாது என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்கவைத்தோம். தாயார், அண்ணன், அத்தை என்று யாராவது ஒருவர் எந்நேரமும் பக்கத்தில் இருந்தார்கள். விசிறினார்கள், கஞ்சி புகட்டினார்கள், சாயந்தரம் தவறாமல் ஜெபமாலை சொன்னார்கள். நானும் லீவில் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது வாரம் அறையில் ஒரு வாடை அடித்தது. சாம்பிராணி போட்டோம்.

பக்கத்து வீட்டில் நர்ஸ் பயிற்சி படித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். பார்க்க வந்தவள் முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். பிறகு எங்களிடமல்ல, அவரிடம் கேட்டாள்: "தாத்தா, உங்களைக் கொஞ்சம் ஒருக்களித்துப் பார்க்கட்டுமா? வலிக்கும். மெதுவாகச் செய்கிறேன்." தாயாரையும் அண்ணனையும் தவிர மற்றவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்து, முறிந்த காலை அண்ணனைத் தாங்கச் சொல்லித் திருப்பினாள். தகப்பனார் அலறினார். வெளியே நின்ற என் அத்தை, "நோவில் கிடக்கிற மனுஷனைப் போட்டு உருட்டுகிறாளே, ஈவிரக்கம் இல்லையா?" என்று சத்தம் போட்டாள்.

முதுகின் அடியில், ஆசன எலும்புக்கு மேல், உள்ளங்கை அகலம் புண்.

"அசைக்காமல் விட்டதால்தான் பாட்டி இது வந்தது" என்றாள் அந்தப் பெண். குரலில் கோபம் இல்லை. எலும்பு துருத்தியிருக்கும் இடங்களில், அதாவது குதிகால், இடுப்பு, தோள்பட்டை, பின்தலை ஆகியவற்றில், உடம்பின் பாரம் விடாமல் அழுத்தினால் சிறு இரத்தக் குழாய்கள் நசுங்கி அங்குள்ள சதை செத்துப்போகிறது. ஆகையால் தானாகப் புரள முடியாதவரைப் பொதுவாக இரண்டு மணிக்கு ஒருதரம் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். இழுக்கக்கூடாது, தூக்கி நகர்த்த வேண்டும். விரிப்பில் மடிப்பும் ஈரமும் ஆகாது. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தபின் அது வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் அதுவே ஆரம்பம். அங்கே தேய்க்கவே கூடாதாம். நாங்களோ தினமும் தேங்காயெண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்திருந்தோம்.

குருமடத்தில் ஒழுக்கவியல் படித்தபோது அறியாமை இரண்டு வகை என்று படித்தேன். எவ்வளவு முயன்றும் நீக்கமுடியாத அறியாமை குற்றமாகாது. அறிந்திருக்கக் கடமைப்பட்டவன் முயலாமல் வைத்துக்கொண்ட அறியாமை குற்றமாகும். அர்ச். தோமாஸ் அக்வினாஸ் 13-ஆம் நூற்றாண்டிலேயே இதைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். பரீட்சையில் நன்றாகத்தான் எழுதினேன். அது ஒரு படுக்கை விரிப்புக்கும் பொருந்தும் என்று அப்போது தோன்றவில்லை. ஆஸ்பத்திரியை விட்டுப் புறப்பட்ட அன்று, "எப்படிப் படுக்கவைப்பது?" என்று நாங்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நமக்குத்தான் அன்பு இருக்கிறதே என்ற நினைப்பே எங்களைக் கேட்கவிடாமல் செய்தது. முகந்தெரியாத கூலியாள் ஒருவன் வேளை தவறாமல் அவரைத் திருப்பியிருந்தால் அநேகமாக அந்தப் புண் வந்திராது. இதை ஒத்துக்கொள்ள எனக்கு வெகுநாளாயிற்று.

ஆனால் கூலிக்கு மட்டும் செய்கிறவன் இராத்திரி இரண்டு மணிக்கு எழுந்திருப்பானா? அந்தப் பெண் இன்னொன்று சொன்னாள். மூச்சை எண்ணுவதை நோயாளி அறிந்தால் மூச்சு தானாக மாறிவிடும். ஆகவே நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்தபடியே ஒரு நிமிஷம் முழுதும் மார்பின் ஏற்ற இறக்கத்தை எண்ண வேண்டும். எண்ணாமலே சார்ட்டில் "18" என்று எழுதினாலும் கேட்க ஆளில்லை. அந்த ஒரு நிமிஷத்துக்கு மனச்சாட்சிதான் காவல்.

காந்திகிராமம் வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு டாக்டர் சௌந்தரம் அம்மாளின் ஞாபகம் வரும். அவர் டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள், இளவயதிலே விதவையானவர். துக்கத்தோடு முடங்கிவிடாமல் டில்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் வைத்தியம் படித்து 1936-இல் பட்டம் பெற்றார். 1947-இல் கணவர் ஜி. ராமச்சந்திரனோடு காந்திகிராமத்தை ஆரம்பித்தார். கஸ்தூரிபா ஆஸ்பத்திரியும் அங்கே வளர்ந்தது. ஏழைகள்மேல் இரக்கம் அவருக்கு இருந்தது; அதோடு நிற்காமல் படித்துக்கொண்டுதான் கிராமத்துக்கு வந்தார். கிராமப் பெண்களையும் சுகாதாரப் பணிக்குப் பழக்கினார்கள். கண்டவர் உடம்பைத் தொடுகிற வேலை, மலப்பாத்திரம் எடுக்கிற வேலை என்று முகம் சுளிக்கிற பெற்றோர் இன்னும் நம்மிடையே உண்டு. அவர்களோடு எனக்குக் கொஞ்சம் சண்டை இருக்கிறது. அதை வீட்டுக்கு வந்து போடுகிறேன்.

என் தகப்பனாரின் புண் ஆற நான்கு மாதம் ஆயிற்று. அத்தைதான் கடிகாரம் பார்த்து எங்களை எழுப்பினாள்.

வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின், நம் பங்கைச் சேர்ந்த இரண்டு நர்ஸுகள் படுக்கையிலிருப்பவரைத் திருப்பும் விதத்தைக் கோவில் மண்டபத்தில் செய்து காட்டுவார்கள். வீட்டுக்கு ஒருவர், முக்கியமாக ஆண்களும், வரவேண்டும். பழைய விரிப்பு ஒன்றும் தலையணை இரண்டும் கொண்டுவாருங்கள். கட்டிலில் படுப்பதற்கு நான் சம்மதித்திருக்கிறேன்.

உங்கள் பங்குக் குரு