ஆணத்தில் புளி தூக்கலானால்

காரைக்காலிலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் பாரிஸ் மாநகரில் வேலை பார்க்கிறார். (காரைக்கால், புதுச்சேரிப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று அங்கே குடியேறியவர்கள் பலர் என்பது நேயர்கள் அறிந்ததே.) கம்பெனி மேலதிகாரி, எடுத்த காரியம் நல்லபடி முடிந்த சந்தோஷத்தில், தம் ஊழியர்களை நகரத்தின் பேர்பெற்ற உணவு விடுதி ஒன்றுக்கு அழைத்துப் போனாராம். மகன் மதுவைத் தொடவில்லை, இறைச்சியைத் தொடவில்லை, மீனும் காய்கறியும் மட்டும் சாப்பிட்டார். "இது கூடுமா ஹஜ்ரத்?" என்பது கேள்வி.

கடிதத்தின் கடைசியில், கேள்வியாக அல்லாமல் மனத்தாங்கலாக, இன்னொன்றும் எழுதியிருக்கிறார். லீவில் ஊர் வந்த மகன், உம்மா ஆக்கி வைத்த மீன் ஆணத்தை வாயில் வைத்துவிட்டு, "புளி தூக்கல், மீன் குழைந்துவிட்டது, அங்கே இப்படி வைத்தால் தட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்றாராம். அந்த அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை.

முதல் விஷயத்தைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். பிரெஞ்சுச் சமையலில் மீனுக்கு ஊற்றும் குழம்பிலும் ஒயின் சேர்ப்பது சர்வ சாதாரணம். கொதியில் அது ஆவியாகிவிடும் என்று சமாதானம் சொல்வார்கள். நம் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளில் திராட்சை மது நஜீஸ். அது கலந்த பண்டத்தைக் கொதிக்க வைப்பதால் மட்டும் அது சுத்தமாகிவிடாது. ஆகவே மீன்தானே என்று இருந்துவிடக் கூடாது, கேட்டுத் தெரிந்துகொண்டே உண்ண வேண்டும். மது பரிமாறப்படும் விரிப்பில் அமர்வதையே நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள் என்பதையும் தம்பி நினைவில் வைப்பது நலம். இன்னும் சில பண்டங்களுக்கு ஃபத்வாவே தேவையில்லை. ஸீன் நதிக்கரையில் லா தூர் தார்ஜான் என்று பழைய விடுதி ஒன்று உண்டு. அங்கே வாத்துக் கறி பிரசித்தம். இரத்தம் வெளியேறாதபடி வாத்தைக் கொன்று, வெந்த எலும்புக் கூட்டை வெள்ளி யந்திரத்தில் வைத்து நசுக்கி, இறங்கும் இரத்தத்திலும் சாற்றிலும் குழம்பு வைப்பார்கள். 1890 முதல் ஒவ்வொரு வாத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அதைச் சாப்பிட்டவர் கையில் அந்த எண்ணை எழுதிய அட்டையும் தருகிறார்கள்! ஓடும் இரத்தத்தை ஹராம் என்று திருக்குர்ஆன் தெளிவாகச் சொல்லிவிட்ட பிறகு இதில் பேச என்ன இருக்கிறது?

என்னை யோசிக்க வைத்தது கடிதத்தின் கடைசிப் பகுதிதான். அந்த அம்மா சாப்பிடாமல் படுத்தது.

நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை. விருப்பமிருந்தால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. குறை என்றால் எது? இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் வீட்டுப் பேச்சையே எடுத்து உதாரணம் காட்டுகிறார்கள்: உப்புக் கரிக்கிறது, உப்புப் போதாது, புளிக்கிறது, நீர்த்துவிட்டது, வேகவில்லை என்பன போன்றவை. அப்படியானால் பிடிக்காததையும் பிடித்தது போல் விழுங்க வேண்டுமா என்றால், அதுவும் இல்லை. உடும்பு இறைச்சி வைக்கப்பட்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் உண்ணவில்லை. தங்கள் ஊரில் இல்லாத பண்டம், மனம் ஒப்பவில்லை என்று மட்டும் சொன்னார்கள். பக்கத்திலிருந்த காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள் அதையே இழுத்து வைத்துச் சாப்பிட்டார்கள். எனக்கு வேண்டாம் என்பது வேறு, இது சரியில்லை என்பது வேறு.

இங்கே கெட்டிக்காரர் ஒருவர் குறுக்கிடலாம். "அல்லாஹ் படைத்த மீனை யாரும் பழிக்கவில்லை; அதைக் குழைய விட்ட மனிதரின் கைவேலையைத்தானே சொல்கிறோம்?" இந்தக் கேள்வி புதிதல்ல. படைப்பைக் குறை சொல்வதுதான் வெறுக்கத்தக்கது, மனிதரின் சமையல் வேலையைச் சொன்னால் குற்றமில்லை என்று முன்னோரில் சிலர் கருதியதாக, ஹிஜ்ரி 852-ல் வஃபாத்தான ஹாஃபிள் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் ஃபத்ஹுல் பாரியில் எடுத்தெழுதுகிறார்கள். எழுதிவிட்டு, தமக்கு அப்படித் தோன்றவில்லை, இரண்டுமே இதில் அடங்கும் என்கிறார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் காரணம், ஆக்கியவரின் உள்ளம் உடைந்துபோகும் என்பது.

இந்த வரியை மதரஸாவில் ஓதியபோது வேகமாகக் கடந்து போனேன். பிரான்ஸ் நாட்டுச் செய்தி ஒன்றைப் படித்த பிறகுதான் திரும்பவும் கிதாபைப் புரட்டினேன்.

அந்த நாட்டில் உணவுக்குத் தீர்ப்புச் சொல்வது ஒரு தொழில். மிஷ்லேன் என்ற டயர் கம்பெனி, மோட்டார் வண்டிக்காரர்களுக்காக 1900-ல் ஒரு கையேடு போட்டது. 1926-ல் நல்ல விடுதிகளுக்கு நட்சத்திரம் போட ஆரம்பித்தது. பின்னர் ஒன்று, இரண்டு, மூன்று என்று தரம் பிரித்தது. மூன்று நட்சத்திரம் என்றால் அந்தச் சாப்பாட்டுக்காகவே பயணம் புறப்படலாம் என்று அர்த்தம். தீர்ப்பாளர்கள் பெயர் சொல்லாமல் வந்து, தின்று, பில்லுக்குப் பணமும் கொடுத்துவிட்டுப் போவார்கள். வருடத்துக்கு ஒருமுறை முடிவு வெளியாகும். ஒரு நட்சத்திரம் கூடினால் கூட்டம் குவியும். குறைந்தால் கடன் கொடுத்தவர் வாசலில் நிற்பார். கோ மியோ என்ற இன்னொரு புத்தகம், பள்ளிப் பிள்ளைகளுக்குப் போல 20-க்கு இத்தனை என்று மார்க்குப் போடுகிறது.

பெர்னார் லுவாஸோ என்பவர் பாரிஸ் விடுதிகளில் பெயரெடுத்து, பிறகு சோலியு என்ற சிற்றூரில் தம் விடுதியை நடத்தி, 1991-ல் மூன்றாவது நட்சத்திரம் பெற்றவர். 2003-ல் கோ மியோ அவருக்கு 19 மார்க்கை 17 ஆகக் குறைத்தது. மிஷ்லேனும் ஒரு நட்சத்திரத்தைப் பறிக்கப் போகிறது என்று பத்திரிகைகளில் பேச்சு. உண்மையில் மிஷ்லேன் பறிக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள், 52 வயதில், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மனச்சோர்வும் களைப்பும் கடன் பாரமும் அவருக்கு இருந்தன என்று அறிந்தவர்கள் சொல்கிறார்கள். ஒரு மனிதரின் முடிவுக்கு ஒரே காரணத்தை நாம் எழுதிவிட முடியாது. இருந்தாலும் பால் போக்கூஸ் என்ற மூத்த சமையல் நிபுணர், அந்த மார்க்குப் புத்தகத்தையே வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார்.

இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் பாரிஸையும் பார்த்ததில்லை, நட்சத்திரத்தையும் கேள்விப்பட்டதில்லை. அடுப்படியில் நிற்பவருக்கும் ஓர் உள்ளம் உண்டு என்பதை மட்டும் அறிந்திருந்தார்கள்.

நியாயமாகப் பார்த்தால் அந்தப் புத்தகக்காரர்கள் பக்கமும் ஒரு வாதம் இருக்கிறது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு 300, 400 யூரோ வாங்குகிறவர் வியாபாரி. வியாபாரத்தில் குறையை மறைப்பது மோசடி. தானியக் குவியலுக்குள் கைவிட்டு, ஈரம் கண்டு, வியாபாரியைக் கண்டித்த ஹதீஸ் நமக்குத் தெரியும். வாங்குகிறவர் ஏமாறக் கூடாது என்று எச்சரிப்பதைக் குறை கூறுவதோடு சேர்க்க முடியாது. கெட்ட மீனைக் கெட்ட மீன் என்று சொல்லத்தான் வேண்டும். ஆனால் 19-க்கும் 17-க்கும் நடுவே என்ன மோசடி இருக்கிறது? அந்த இரண்டு மார்க்கில் யார் ஏமாந்தார்கள்? நாக்கு எவ்வளவு நுட்பமாகப் பழகிவிட்டது என்பதைத்தான் அது காட்டுகிறது. சமைத்தவர் பக்கமும் ஓர் ஆபத்து உண்டு. பெயர் தெரியாத பத்துப் பேரின் பாராட்டில் தம் உயிரையே தொங்கவிட்டு வாழ்வது எத்தனை பெரிய பாரம்! பாரிஸ் மத்லேன் சதுக்கத்தில் விடுதி நடத்திய அலேன் ஸாந்தரான் என்பவர், கால் நூற்றாண்டுக்கு மேல் வைத்திருந்த மூன்று நட்சத்திரங்களை 2005-ல் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆடம்பரத்தையும் விலையையும் குறைத்துக்கொண்டு நிம்மதியாகச் சமைத்தார். அதே சதுக்கத்திலுள்ள தேவாலயத்தின் நிலவறையில் 2018 முதல், கடைகளில் மிஞ்சும் நல்ல பண்டங்களைக் கொண்டு, வீடற்றவர்களையும் அகதிகளையும் மேசையில் உட்காரவைத்துப் பரிமாறுகிறார்கள். பெரிய விடுதிக்காரர்களும் முறை வைத்து வந்து சமைக்கிறார்கள். கை அதே கைதான். அங்கே மார்க்கும் இல்லை, பில்லும் இல்லை.

தம்பியை மட்டும் சொல்வானேன்? நான் ஓதி முடித்து வந்த புதிதில், ஒரு வலீமாவில் ஸஹனில் கைவைத்த உடனே, "உப்புக் கொஞ்சம் போதாது" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னேன். வயதான பண்டாரி, தேக்சாவோடு என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றிருக்கிறார். ஒன்றும் பேசவில்லை. மறுசோறு வேறொருவர் கொண்டுவந்து வைத்தார். அவரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்து நினைத்தே நாளைக் கடத்தினேன். பிறகு அவர் ஜனாஸாவில்தான் கலந்துகொண்டேன்.

காரைக்கால் வாசகருக்கு நான் எழுதிய பதில் இதுதான்: புளி தூக்கல் என்பது உண்மையாகவே இருந்தாலும், மகன் தன் உம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. அடுத்த லீவு வரை காத்திருக்க வேண்டாம். பாரிஸிலிருந்து ஊருக்குப் பேச இப்போது காசு கூடச் செலவில்லை.